ஹபீலாவுக்குப் போகும் குரல்

என் கணவர் வில்பிரட்டுக்கு இரண்டு குரல்கள். ஒன்று வீட்டுக்கானது. கேஸ் முடிந்துவிட்டது, பஸ் பிந்திவிட்டது, கறியில் உப்புக் கூடிவிட்டது, அவ்வளவுதான் அதில் வரும். மற்றது ஹபீலாவுக்கானது. அம்பிட்டியவில் எங்கள் வீட்டு முன்னறையிலிருந்து வாட்ஸ்அப்பில் வொயிஸ் மெசேஜாக அக்குறணைக்குப் போகும்.

ஹபீலா, அக்குறணையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். கல்யாணமானவள். அவளுடைய கணவர் அஹ்னாபுக்கு அங்கேயே ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. அவளும் வில்பிரட்டும் ஒரே வாட்ஸ்அப் குரூப். அந்தக் குரூப்பில் இருப்பவர்களுக்கு வேலை, விலை குறைந்த சின்ன ஹெட்போன் அம்ப்களை வாங்கி எதில் பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று வாதாடுவது. தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. ஒரு பக்கத்தை போனில் செருகி மறுபக்கத்தில் ஹெட்போனைச் செருகினால் சத்தம் திருந்திவிடுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் இவர் போனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "டீச்சர், இந்தக் கறுப்பு அம்ப்ல வயலின் கொஞ்சம் தள்ளி நிக்குது. பாடுற பிள்ளை மூச்சு இழுக்கிறதுகூட கேக்குது." குரலில் அப்படி ஒரு குழைவு. பக்கத்தில் படுத்திருக்கிற நான் மூச்சு விடுவது கேட்டதாக இந்த மனிதர் ஒரு நாளும் சொன்னதில்லை.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. அவர் குளிக்கப் போன நேரம் போனை எடுத்து மெசேஜ்களை எல்லாம் கேட்டும் இருக்கிறேன். தப்பாக ஒரு சொல் அகப்பட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். முழுக்க பேஸும் ட்ரெபிளும்தான். அவளும் சளைக்காமல் பதில் அனுப்பியிருந்தாள்.

எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இருக்கவில்லை. இவர்கள் இரண்டு பேரும் ரீல் விடுகிறார்கள். தீப்பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் என்ன வித்தியாசம் இருக்கப் போகிறது? அது வெறும் பேச்சு என்று எல்லார் முன்னாலும் வெளிச்சமாகிவிட்டால் அந்தக் குரலுக்குப் பேச விஷயம் இல்லாமல் போகும். அப்புறம் அது வீட்டுப் பக்கம் திரும்பத்தானே வேண்டும்.

சந்தர்ப்பம் தானாகவே வந்தது. பிலிமத்தலாவையில் சேதுராமனின் கிட்டார் கடை மாடியில் எல்லாரும் கூடி மூன்று அம்ப்களை ஒப்பிட்டுப் பார்ப்பது என்று குரூப்பில் முடிவானது. கறுப்பு, வெள்ளி, நீலம். அவர்களுக்கு இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் மூன்றின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமப்படுத்துவார்கள். சத்தம் கூடினது எதுவோ அதுதான் நல்லது என்று காது ஏமாந்துபோகுமாம். சமமான இடத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகியில் ஒரு பொட்டு வைப்பார்கள். அந்தப் பொட்டுக்கு வில்பிரட் கொண்டுபோனது நகத்துக்குப் பூசுகிற என்னுடைய சிவப்பு கியூடெக்ஸ். என்னைக் கேட்கவுமில்லை.

பிறகு மேசைக்குக் குறுக்கே ஒரு பெட்சீட்டைத் தொங்கவிடுவார்கள். அதற்குப் பின்னால் இருக்கிற ஆள் அம்ப்களை மாற்றி மாற்றிச் செருக வேண்டும். முன்னால் இருக்கிறவர் எது எதுவென்று தெரியாமல் கேட்டுச் சொல்ல வேண்டும். சொல்வதைச் சேதுராமன் பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்வார். ஒவ்வொருவராகத்தான் மாடிக்கு வரலாம், மற்றவர்கள் கீழே கிட்டார்களுக்கு நடுவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க வேண்டும். மாற்றுகிற ஆளுக்கு இந்த விஷயத்தில் ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாதாம்.

"அப்ப நம்ம மார்கிரட் இருக்காவே," என்றார் வில்பிரட், கூட வந்திருந்த என்னைக் காட்டி. "அவவுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது."

எல்லாருக்கும் பெரிய சந்தோஷம். ஹபீலாகூட என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு, அதுதான் இன்னும் ஆத்திரம். அஹ்னாப் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு ஏன் ஒன்றும் உறைக்கவில்லை என்று அவர்மேலும் கோபம் வந்தது. நான் பெட்சீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அங்கேயே முடிவெடுத்தேன். மாற்றுவதே இல்லை.

கறுப்பைச் செருகினேன். ஒரே பாட்டை மூன்று தடவை போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கழற்றுகிற சத்தம் கேட்கட்டும் என்று கழற்றி, திரும்பவும் அதே கறுப்பையே செருகினேன்.

முதலில் வந்தவர் கட்டுகஸ்தோட்டையில் போன் திருத்துகிற கிளைவ். முதலாவது மெலிவாக இருக்கிறது, இரண்டாவதில் பேஸ் தடிப்பு, மூன்றாவதுதான் மழை விட்ட மாதிரித் தெளிவு என்று சேதுராமனிடம் அடுக்கிக்கொண்டே போனார். நான் கழுத்தில் போட்டிருந்த ஷோலை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். அடுத்து வந்த இரண்டு பேரும் அதே மாதிரி ஆளுக்கொரு கதை விட்டார்கள்.

பிறகு வில்பிரட் வந்தார். மூன்றையும் கேட்டார். இன்னொரு தடவை முதலிலிருந்து போடச் சொன்னார். போட்டேன். நல்லா உளறட்டும், பிறகு இருக்கிறது என்று காத்திருந்தேன்.

"சேது, எனக்கு மூணும் ஒண்ணாத்தான் கேக்குது," என்றார். "காது இன்னைக்கு சரியில்ல போல."

என் புருஷன் ரீல் விடுகிற ஆளில்லை. பெட்சீட்டை விலக்கிவிட்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. சரி, இவர் தப்பித்தார், இனி அவள் வந்து உளறுவாள், அது இன்னும் நல்லது என்று நினைத்தேன். தான் இவ்வளவு நாளாக யாரிடம் போய்க் குழைந்தோம் என்று இவருக்கும் விளங்கும்.

ஹபீலா வந்தாள். மூன்றையும் ஒரு தடவைதான் கேட்டாள்.

"மூணும் ஒண்டுதான், சேது," என்றாள். "மாத்தினதா எண்டே எனக்குச் சந்தேகமா ஈக்கி."

அத்தனை பேரில் இரண்டு பேருக்குத்தான் உள்ளது உள்ளபடி கேட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஆள் வைத்துத் தேடியிருந்தாலும் இவ்வளவு சுத்தமாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. நானே உட்கார்ந்து என் கையாலேயே செய்து முடித்திருக்கிறேன்.

எல்லாரும் மாடிக்கு வந்ததும், எந்த ஒழுங்கில் மாற்றினேன் என்று சேதுராமன் கேட்டார். ஒன்றையேதான் செருகினேன் என்று சொல்லி எல்லாரையும் வெட்கப்பட வைக்கத்தான் இருந்தேன். இப்போது அதைச் சொன்னால் இவர்கள் இரண்டு பேருக்கும் நானே மாலை போட்டது மாதிரி ஆகிவிடும். கறுப்பு, வெள்ளி, நீலம் என்று முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னேன்.

பிறகு கேட்க வேண்டுமா? கிளைவ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். குரூப்பிலேயே பெரிய காதுகள் இரண்டும் இன்றைக்கு லீவு என்று சேதுராமன் கேலி பண்ணினார். ஹபீலா தலையை ஆட்டிச் சிரித்தாள். வில்பிரட்டின் முகம் சுருங்கியது. உண்மையைச் சொன்னால், எனக்கு இனித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சீட் கிடைத்தது. பேராதனை தாண்டும் வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ மாத்தவே இல்ல, என்ன?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கு ஒண்ணாக் கேட்டப்ப என் காதுலதான் பிழைன்னு நெனச்சேன். டீச்சருக்கும் ஒண்ணாத்தான் கேட்டுச்சின்னு சேது சொன்னதும் வெளங்கிருச்சி. அவங்களுக்குப் பிழைக்காது."

அவங்களுக்குப் பிழைக்காது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. அப்படியென்றால் அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நாலு பேர் முன்னால் உன்னை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்றார். திட்டுவார் என்று பார்த்திருந்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கினதும் போனை எடுத்து வாயருகில் பிடித்தார்.

"டீச்சர், ஒரு கதை கேளுங்க. நம்ம மார்கிரட் லேசுப்பட்ட ஆளில்ல."

அந்தக் குரல். குழைந்து, ஏறி, இறங்கி, நடுநடுவே சிரிப்பை அடக்கிக்கொண்டு. நான் கழற்றின சத்தத்துக்கும் செருகின சத்தத்துக்கும் நடுவில் இடைவெளி போதாமல் இருந்ததாம், அப்போதே யோசித்திருக்க வேண்டுமாம். கறுப்பு, வெள்ளி, நீலம் என்று சொல்லும்போது என் இடது புருவம் மேலே போனதாம். பொய் சொன்னால் அது எப்போதும் போகுமாம், கல்யாணத்தன்று சாப்பாடு பிடித்ததா என்று அவர் அம்மா கேட்டபோதும் போனதாம். "அவ கோபத்துல ஷோல இழுத்து விடுற அழகே தனி, டீச்சர்," என்றார்.

இத்தனை வருஷமாக இவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இந்தக் குரலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை வராதா என்று நான் ஏங்கிய ஏக்கத்துக்கு, இதோ, ஒரு பாட்டம் கொட்டுகிறது. அதுவும் அக்குறணைக்குப் போகிறது.

மெசேஜை அனுப்பிவிட்டு போனை சட்டைப்பையில் போட்டார். என் பக்கம் திரும்பினார்.

"ராத்திரிக்குப் பாண் வாங்கணுமா?" என்று கேட்டார்.