பதினாலாம் பக்கம், மூன்றாவது வரி

"'14-3 சரி'ன்னா என்ன அர்த்தம்மா?" என்று சாத்தூர் கோர்ட்டில் ஜட்ஜ் என்னிடம் கேட்டார்.

வெடிமருந்து திருடியதாக என் அண்ணன் ஊர்க்காவலன் கூண்டில் நின்றான். அவன் எனக்கு அனுப்பிய அந்த எஸ்எம்எஸ்தான் போலீஸ் காட்டிய ஒரே சாட்சி.

"ரகசியக் குறிங்கய்யா. திருட்டு லோடு நம்பர்" என்றார் அரசு வக்கீல்.

யாருக்கும் காட்டாமல் எழுதிவந்த என் நோட்டை நீட்டினேன். "பதினாலாம் பக்கம், மூணாவது வரிங்கய்யா. எங்க அண்ணன் திருடுனது இந்த நோட்டை மட்டுந்தான். அதைப் படிச்சுட்டு அனுப்புன பதில்தான் அந்த மெசேஜ்."

ஜட்ஜ் புரட்டி, சத்தமாக வாசித்தார்: "எனக்கு மறுபடியும் பள்ளிக்கூடம் போகணும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

"இந்த மெசேஜ் திருட்டுக்குச் சாட்சியாகாது" என்றார் ஜட்ஜ்.

எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தி வெடிக் கம்பெனிக்கு அனுப்பிய அப்பா, பின் பெஞ்சிலிருந்து எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.