ஒப்பிட வைத்த தண்ணீர்

வாத்தியார் அன்றைக்கே சொன்னார். யார் காதில் ஏறியது?

பெரியவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். சோதித்துப் பார்க்காத எதையும் நம்ப மாட்டாள்; நம்புகிறவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மாடியில் குடியிருக்கும் தங்கை அதற்கு நேர் எதிர். தங்கை மகளுக்கு மாசக் கணக்காக வயிற்றுப்போக்கு. பிள்ளை துரும்பாக இளைத்துவிட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையோடு மந்திரித்த தண்ணீரையும் புகட்டிக்கொண்டிருந்தாள் தங்கை.

"அந்தச் சாக்கடையக் குடிச்சுத்தான் பிள்ளை சாகுது" என்றாள் பெரியவள்.

"சோதிச்சுப் பாரேன். கிருமி இருந்தா இதை நிறுத்திடறேன். இல்லைன்னா உன் மாத்திரைய நிறுத்திடுவேன். சம்மதமா?"

"சம்மதம்."

பெரியவளின் கணவர் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். வீட்டில் அவருக்குப் பெயரே வாத்தியார்தான். "தண்ணி சுத்தமா இருக்கறதுக்கும் நோய் தீர்றதுக்கும் என்ன சம்பந்தம்? கேள்வியே தப்பு" என்றார். அக்காவும் தங்கையும் அன்றைக்கு ஒத்துப்போன ஒரே விஷயம், அவரை வாயை மூடச் சொன்னதுதான்.

ஒரு தண்ணீரைச் சோதித்தால் பக்கத்தில் சுத்தமான தண்ணீரையும் வைத்து ஒப்பிட வேண்டும். அதற்கென்று காய்ச்சி வடித்த தண்ணீர் கூடத்திலேயே இருக்கிறது. ஆனால் கொழுப்பு யாரை விட்டது? தங்கை முகத்தில் கரி பூச வேண்டுமென்று, தன் வீட்டு ஃபில்டர் தண்ணீரையே கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள், தண்ணீரை ஊற்றிக் கிருமி வளரவிட்டிருந்த தட்டுகளைத் திறந்தாள். மந்திரித்த தண்ணீரின் தட்டு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அவள் வீட்டுத் தண்ணீரின் தட்டு முழுக்கக் கிருமிப் புள்ளிகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை கீழே அவள் வீட்டில் இருக்கும் பிள்ளை தினமும் குடித்தது அந்த ஃபில்டரில்தான்.

உண்மையைச் சொன்னால் தங்கை மாத்திரையைக் குப்பையில் போடுவாள். போடுகிற ஆள்தான் அவள். பிள்ளை தாங்காது. பெரியவள், எது யார் தண்ணீர் என்று எழுதித் தட்டுகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பிரித்து இடம் மாற்றி ஒட்டினாள். அந்தக் கூடத்தில் அப்படியொரு காரியத்தை அவள் செய்ததே இல்லை.

தட்டுகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதும் முதலில் ஃபில்டரைக் கழற்றிவிடலாம் என்றிருந்தாள். தங்கையோ பிள்ளையோடு அடுக்களையிலேயே காத்திருந்தாள். புள்ளி விழுந்த தட்டில் தன் தண்ணீரின் சீட்டைப் படித்தாள். "இதையா என் கையால புகட்டினேன்" என்று அழுதாள். மந்திரித்த தண்ணீர்ப் புட்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு ஃபில்டரைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தாள்.

"இனிமே பெரியம்மா வீட்டுத் தண்ணிதான் உனக்கு. குடிடி."

பிள்ளை டம்ளரை வாயருகே கொண்டுபோனது. பெரியவள் பாய்ந்து தட்டிவிட்டாள்.

டம்ளர் உருண்டு ஓய்ந்தது. தங்கை தட்டைப் பார்த்தாள், ஃபில்டரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"மாசக் கணக்கா நீதானா" என்றாள் தங்கை. பையிலிருந்த மாத்திரை அட்டையை அக்காவின் காலடியில் எறிந்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

பெரியவள் அட்டையைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"இதை மட்டும் குடுத்துடுடி. என்னை நம்பு."

மேலே தங்கை கதவைத் தாழிட்டாள்.