குளிருக்கு ஒரு இரவு உடை

வென்டல் தன் போனில் ஆபாசமாக எதைப் பார்த்தாலும் மனைவி கொரீனுக்குத் தகவல் போய்விடும். அந்த ஏற்பாட்டைச் செய்யச் சொன்னது அவனுக்கு மனநல சிகிச்சை தரும் ஹாகன் அம்மாள். "இது ஆசையில்ல வென்டல். மனசு வலிச்சா நீங்க ஓடி ஒளியுற இடம்," என்று வாராவாரம் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது.

அன்று காலை கொரீன் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் போனுக்குத் தகவல் வந்தது. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வென்டல் இருந்த சமையலறைக்குள் வந்தாள்.

"மறுபடியுமா?"

எத்தனையோ பொய் சொன்ன வாய்க்கு உண்மை சொல்லக் கூசியது. வென்டல் போனை அப்படியே நீட்டினான். பெண்கள் உள்ளாடைக் கடை. அதில் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் தடித்த இரவு உடை ஒன்று.

"உன் பிறந்தநாளுக்கு," என்றான். "ராத்திரியெல்லாம் குளிருதுன்னியே. கடைப் பேரைப் பாத்துட்டு போனே தகவல் அனுப்பிடுச்சு போல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் ஓடியது.

"நம்புறேன்," என்றாள். "ஆனா வாசல்லேருந்து இங்க வர்றதுக்குள்ள, மனசுல உன்னை விட்டுட்டுப் போயிட்டேன். திரும்பி வர கொஞ்ச நேரமாகும்."