நாகமாறன்

பாம் என்று காதுக்குப் பின்னால் ஒரு சத்தம் வெடித்ததில் கையிலிருந்த தேநீர் பாதி என் கோட்டில் கொட்டிவிட்டது, திரும்பிப் பார்த்தால் என் மகள் ஆரபி, கட்டம் போட்ட பாவாடை, முழங்கால் வரை ஏறிய காலுறை, அக்குளில் இடுக்கிய பாக்பைப், கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது, சொறி அம்மா, சுருதி சரியோ எண்டு பாத்தனான் என்று சிரிக்கிறாள், சுருதி பாக்க என்ரை காதோடி உனக்குக் கிடைச்சது என்று நான் கத்தியது அவளுக்குக் கேட்டதோ தெரியாது, கலோடன் வெளியின் காற்று வாயில் வந்த சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போகிறது, ஏப்ரல் மாதம், ஒரு நிமிடம் வெயில், அடுத்த நிமிடம் ஆலங்கட்டி, ஆனால் எனக்கு வியர்க்கிறது, நெஞ்சு இடிக்கிறது, பின்னே இடிக்காமல் என்ன செய்யும், இருநூற்று எழுபத்தொன்பது வருடங்களுக்கு முன் இந்த வெளியில் நடந்த போரில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துபோன ஸ்கொட்லாந்துக்காரருக்கு வருடாவருடம் நடக்கும் அஞ்சலியில், இவ்வளவு சனத்துக்கு முன்னால், தனியாக நின்று புலம்பல் வாசிக்கப்போவது என் பிள்ளை, பதினாறு வயதுப் பிள்ளை, நாலு வயதில் இன்வர்னெஸ் நகரத்துக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், விரல்களைக் குளிர் விறைக்கப்பண்ணிவிடக்கூடாதே என்று என் கையுறையைக் கழற்றி அவளுக்கு மாட்டுகிறேன், மாட்டினால் எப்படி வாசிக்கிறதம்மா என்று அவள் கழற்றித் தருகிறாள், மறுபடி மாட்டுகிறேன்.

பக்கத்தில் பவளராணி அக்கா, எங்கள் தெருவில் எங்களைத் தவிர இருக்கும் ஒரே தமிழ் ஆள், எல்லாரும் பாவாடையோடை நிக்கிறாங்களடி, இவங்களுக்குக் கால் குளிராதே என்று ஒவ்வொரு வருடமும் கேட்பதை இந்த வருடமும் கேட்டு முடித்துவிட்டார், முதல் தடவை நாங்கள் வந்தது தற்செயல், கடைக்குப் போகப் புறப்பட்டு பஸ் மாறி ஏறிவிட்டோம், இறங்கினால் பூவும் கையுமாகச் சனம், தேர்த் திருவிழா மாதிரி எங்கேயோ போகிறது, நாங்களும் பின்னால் போனோம், அங்கே இறகு குத்திய தொப்பியோடு கேலம் என்ற கிழவர் ஒலிபெருக்கி முன்னால் நின்று, மலர் வைக்க வருகிற ஒவ்வொருவரையும் கேலிக் என்ற தங்கள் பழைய மொழியில் இன்னாரின் மகன், இன்னாரின் பேரன் என்று தலைமுறை சொல்லிக் கூப்பிடுகிறார், அது அவருடைய பழக்கம், எவரையும் வெறும் பேரால் கூப்பிடமாட்டார், பேருக்குப் பின்னால் நஹ் மாரன், நஹ் மாரன் என்று ஒன்று வந்துகொண்டே இருக்கிறது, பவளராணி அக்கா என் விலாவில் இடிக்கிறார், ஆரடி இந்த நாகமாறன், எல்லாற்றை பேருக்குப் பின்னாலையும் நிக்கிறான், எங்கடை ஆளோ, பழைய காலத்திலை கப்பலேறி வந்து எல்லா வீட்டிலையும் சம்பந்தம் வைச்சிட்டான் போலை, நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் முன்னால் நின்ற கிழவி திரும்பி முறைத்தாள், அடுத்த வருடம் கேலமிடமே கேட்டுவிட்டோம், உங்கள் எல்லாருக்கும் மூதாதை நாகமாறன் என்றொரு தமிழனா என்று, அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் நீர் வர வர சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், அது பெயரில்லை, இப்போது உயிரோடு இல்லாதவர் என்று அர்த்தம், செத்துப்போன தகப்பன் பேரைச் சொன்னால் அந்த இரண்டு சொல்லையும் சேர்க்கவேண்டும், சேர்க்காவிட்டால் அவர் இருக்கிறார் என்று கேட்கிறவர் நினைப்பார், பவளராணி அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

இதோ அந்தக் கேலம் ஐயா ஒரு தாளும் பேனாவுமாக எங்களை நோக்கி வேகமாக வருகிறார், ஆரபியை முதன்முதல் கண்டபோது இந்த மனிதர் கேட்ட கேள்வி எனக்கு மறக்காது, இந்த நாட்டில் எல்லாரும் நீ எந்த நாடு என்று கேட்பார்கள், இவர் குனிந்து, கோ லேஷ் ஊ என்றார், நீ யாருடையவள் என்று அர்த்தமாம், அட, எங்கள் ஊரில் வாசல் படலையடியில் நின்று நீ ஆற்றை பிள்ளை என்று கேட்கிற அதே கேள்வி, நான் சந்தோஷத்தில் தவயோகன்ரை பிள்ளை என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன், இங்கே வந்த புதிதில் பத்திரங்களில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அவளின் அப்பா பெயரைத்தான் எழுதினேன், அன்றிலிருந்து அவள் மிஸ் தவயோகன், பல் வைத்தியர் தவயோகனைச் செவ்வாய்க்கிழமை வரச்சொல்லிக் கடிதம் போடுகிறார், நூலகம் தவயோகன் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்கிறது, கடிதம் வருகிற சத்தம் கேட்டால் ஒரு கணம் ஓடுவேன், இப்போதும் ஓடுகிறேன், கேலம் ஐயா நான் எழுதிக்கொடுத்த தாளை நீட்டுகிறார், எல்லாம் எழுதியிருக்கிறாய், பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பாட்டனுக்கு நஹ் மாரன் போட்டிருக்கிறாய், தகப்பனுக்கு மட்டும் ஒன்றும் போடவில்லை, நான் சொல்லவேண்டுமா, வேண்டாமா, ஐந்து நிமிடம்தான் இருக்கிறது அம்மா, சொல்லு.

சொல்லு என்றால் எதைச் சொல்வது, ஆரபி பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்குக்கு டொரொன்டோவிலிருந்து என் பெரியப்பா அழைப்பிதழ் அச்சடித்து அனுப்பினார், தங்க எழுத்தில், அமரர் தவயோகனின் ஏக புத்திரி என்று, அந்த முதல் சொல்லைக் கண்டதும் பெட்டியை அப்படியே கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு எல்லாரையும் போனில் கூப்பிட்டேன், எத்தினை வருசமடி, இன்னும் ஆரை ஏமாத்திறாய் என்றார் பெரியப்பா, போனை வைத்தேன், அன்று சண்டை முடிந்த வைகாசி மாதம், வட்டுவாகல் பாலம், வெயில், இந்த வெளியைப்போலவே காற்று, இல்லை, காற்றே இல்லை, சனம் மட்டும், ஆமிக்காரர் வரிசையை இரண்டாகப் பிரிக்கிறார்கள், ஆம்பிளைகள் அந்தப் பக்கம், அவர் பிள்ளையை என் தோளில் போட்டு, பால்போத்தலை என் கையில் திணித்து, நீ நட, நான் பின்னாலை வாறன் என்கிறார், எப்போதும் எனக்குப் பத்தடி முன்னால் நடக்கிற மனிதர் பின்னால் வருகிறேன் என்றார், நான் நடக்கிறேன், கம்பிவேலி, சேறு, காய்ந்த புதர், கலோடனின் குலப்பெயர் செதுக்கிய கற்கள், எவர் எவரென்று தெரியாதவர்களைச் சேர்த்துப் புதைத்த இடத்தில் கலந்த குலங்கள் என்றொரு கல், ஒவ்வொரு வருடமும் அந்தக் கல்லை மட்டும் நான் பார்க்காமல் தாண்டுவேன், அவர் இருக்கிறார் என்று சொல்ல என்னிடம் ஒரு கடிதம்கூட இல்லை, இல்லை என்று சொல்ல ஒரு பிடி சாம்பலும் இல்லை.

கெதியாச் சொல்லடி, அந்தாள் பாத்துக்கொண்டு நிக்குது, சொன்னா என்ன சொல்லாட்டி என்ன, இஞ்சை ஆருக்கு விளங்கப்போகுது என்கிறார் பவளராணி அக்கா, எனக்கு விளங்கும் அக்கா என்கிறேன், அதற்குள் முரசு அதிர்கிறது, சனம் ஒரேயடியாக நினைவுக் கல்மேட்டை நோக்கி நகர்கிறது, கேலம் ஐயாவின் தொப்பி இறகு கூட்டத்துக்குள் போய்விட்டது, ஐயா, நில்லுங்கோ ஐயா, நான் ஓடுகிறேன், கோட்டும் பையும் தோளும் இடிபட ஓடுகிறேன், என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே ஓடுகிறேன், நான் முன்வரிசைக்கு வந்து சேரும்போது அவர் ஒலிபெருக்கி முன்னால் நிற்கிறார், ஆரபி அவருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறாள், கையுறை இல்லை, ஆரபி என்கிறார் அவர், அவர் வாயில் அது அரபி ஆகிறது, தவயோகனின் மகள் என்கிறார், நிறுத்துகிறார், மூச்செடுக்கிறார், அந்த மூச்சுக்குள் நான் பதினாறு வருடமாக வைக்கும் பொட்டை விரலால் தொட்டுப் பார்க்கிறேன், சின்னத்துரையின் பேத்தி என்கிறார், நஹ் மாரன். என் மாமனாருக்கு மட்டும். மாமா செத்தது உண்மை, கொள்ளி வைத்ததை நான் பார்த்தேன், தவயோகனுக்கு இல்லை, என் கால் தரையில் நிற்கவில்லை, ஆரபி ஊதுகிறாள், முதல் சுரம் ஒருமுறை உடைந்து, பிடித்து, நிமிர்ந்து, வெளி முழுவதும் பரவுகிறது, தொப்பிகள் கழன்றுகொள்கின்றன, முன்பொருநாள் முறைத்த கிழவியோ வேறு கிழவியோ என் கையைப் பிடித்திருக்கிறாள், உன் மகளா, உன் மகளா, ஓமோம் என்ரை மகள், பவளராணி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, புலம்பல் எண்டாங்கள், இவள் கலியாண வீட்டிலை வாசிக்கிறமாதிரியெல்லே வாசிக்கிறாள் என்கிறார், எனக்கும் அப்படித்தான் கேட்கிறது, கொட்டிக்கொண்டு, முழங்கிக்கொண்டு, யாரையோ வரவேற்கிறமாதிரி.

முடிந்ததும் கேலம் ஐயாவைப் பிடித்துவிட்டேன், ஏன் ஐயா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லையே, நீ சொல்லவில்லை என்றுதான் உன் பிள்ளையைக் கேட்டேன் என்கிறார், உன் தகப்பன் இருக்கிறாரா என்று கேட்டேன், அவள் ஒரு காரணம் சொன்னாள், இத்தனை வருடத்தில் நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை, அவளையே கேள், ஆரபி சிவந்த விரல்களை வாயால் ஊதி ஊதி வருகிறாள், நல்லா வாசிச்சனானோ அம்மா, முதல் சுரம் உடைஞ்சுபோச்சுதெல்லே, அதை விடடி, அவரிட்டை அப்பாவைப் பற்றி என்னடி சொன்னனீ என்று அவள் கையிரண்டையும் என் கைக்குள் பொத்திக்கொண்டு கேட்கிறேன், அவள் அது ஒரு பெரிய விஷயமா என்பதுபோல் என்னைப் பார்க்கிறாள், பாக்பைப் பேண்டிலை பேர் கூப்பிடேக்கை தவயோகன் எண்டுதானே கூப்பிடுறவை, ஒவ்வொரு வியாழனும் நான்தானேம்மா கையை உயர்த்தி, இருக்கிறன் எண்டு சொல்லுறன்.