நண்டுக் கறிக்கு ஏற்ற வைன்

லியோன் நகரத்துப் பிரெஞ்சுப் பெடியனைத்தான் மகள் பிரசாந்தினி கட்டப்போகிறாள் என்று முடிவான பிறகு, சந்திரமதிக்கு இருந்த ஒரே கவலை சாப்பாடு. மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் முதன்முறையாகச் சுவிஸுக்கு, பாடன் நகரத்தில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். நண்டுக் கறி வைப்பதென்று அவள் உடனேயே தீர்மானித்துவிட்டாள். கூடக் குடிக்க என்ன கொடுப்பது என்பதில்தான் இழுபறி.

"தண்ணி குடுத்தால் காணும் அம்மா," என்றாள் மகள். "வைனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? பிழையானதை வாங்கி வைச்சால் சிரிப்பினம்."

கணவர் சச்சிதானந்தன் குடியின் பக்கமே போகாத மனிதர். "எங்கட வீட்டிலை அதெல்லாம் என்னத்துக்கு?" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

'என்ன தெரியும்' என்ற பேச்சு சந்திரமதிக்கு முள்ளாகக் குத்தியது. இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது அவளுக்கு டொச் என்கிற ஜெர்மன் மொழியும் தெரியாது, பனியில் நடக்கவும் தெரியாது. எல்லாம் பழகியதுதானே. சனிக்கிழமை மத்தியானம், மேல்மாடியில் இருக்கும் மட்டக்களப்புக்காரி யோகாம்பாளைக் கூட்டிக்கொண்டு சூரிச்சுக்கு ரயில் ஏறினாள்.

முதலில் போனது ஸ்டேசனுக்குப் பக்கத்தில், நின்றுகொண்டே குடிக்கிற ஒரு வைன் பார். பெரிய மீசைக்காரர் ஒருவர் ஊற்றிக்கொண்டு நின்றார். "பெரிய பேர் வேண்டாம். பிரான்சிலை சனங்கள் வீட்டிலை குடிக்கிற, விலை குறைஞ்ச வைன் வேணும்," என்று சந்திரமதி டொச்சில் சொன்னாள். மீசைக்காரருக்குச் சந்தோசம். லாங்கெடொக் பக்கத்துச் சிவப்பு வைனை இரண்டு கிளாஸ்களில் கொஞ்சமாக ஊற்றி வைத்தார்.

யோகாம்பாள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னகா இது? மரப்பட்டை அவிச்ச தண்ணிபோலக் கிடக்கு."

அடுத்து வந்த போஜொலே வைன் அவளுக்குப் பிடித்துவிட்டது. நாவற்பழம்போல இருக்கிறதென்று கிளாஸை வழித்துக் குடித்தாள். சந்திரமதி மட்டும் யோசனையோடு நின்றாள். வெறும் வாய்க்கு நல்லாய்த்தான் இருக்கிறது. கறியோடு எப்படி இருக்கும்?

ஆற்றைத் தாண்டிப் பழைய நகரத்து ஒழுங்கையில் இருந்த இரண்டாவது பாரில் போய் உட்கார்ந்ததும், அவள் தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். யோகாம்பாளுக்கு விழி பிதுங்கியது.

"ரயிலிலை மணந்தது இதுதானா? வெளிச் சாப்பாடு கண்டால் கலைச்சுப்போடுவாங்கள்கா!"

"ஒரு கரண்டிதான் அக்கா. ஒருத்தருக்கும் தெரியாது."

மூடியைத் திறந்ததுதான் தாமதம், முருங்கையிலையும் மிளகும் வறுத்த தூளும் சேர்ந்த நண்டுக் கறி மணம் பார் முழுவதும் பரவியது. மற்ற மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியம்மா மிரேய் விறுவிறென்று வந்தாள். சந்திரமதி அவசரமாக எழுந்தாள். மகள், கலியாணம், விருந்து, நண்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

மிரேய் டப்பாவை எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு கரண்டியோடு திரும்பி வந்தாள்.

முதல் கரண்டியிலேயே அவள் முகம் சிவந்தது. "உண்மையாகவே உறைப்பு!" என்று சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதன்பிறகு நடந்தது பெரிய பரிசோதனை. போர்தோப் பக்கத்துச் சிவப்பைக் கறிக்குப் பின் குடித்தபோது, உறைப்பு இரண்டு மடங்காகி யோகாம்பாள் கையால் வாய்க்கு விசிறினாள். லுவார் ஆற்றங்கரை வெள்ளை, எலுமிச்சைபோலப் புளித்து நண்டின் ருசியை மறைத்தது. பக்கத்து மேசைத் தம்பதி பாண் துண்டோடு வந்து குழம்பு தொட்டுப் பார்த்து, தாங்களும் அபிப்பிராயம் சொன்னார்கள்.

கடைசியில் மிரேய் கொண்டுவந்தது கஸ்கோன் பகுதியின் வெள்ளை வைன். குளிர்ந்திருந்தது, இலேசான இனிப்பு. ஒரு மிடறு போனதும் உறைப்பு அடங்கி, அடுத்த வாய்க் கறிக்கு நாக்கு ஏங்கியது.

"இதுதான் அக்கா!"

"எனக்கு அந்த நாவற்பழம்தான்," என்று யோகாம்பாள் விட்டுக்கொடுக்கவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது இருவருக்கும் எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது. டிக்கெட் பார்க்க வந்தவருக்கு யோகாம்பாள் இரண்டு தரம் வணக்கம் சொன்னாள்.

விருந்தன்று மாப்பிள்ளையின் தகப்பன் பெர்னாரும் தாய் கொலெத்தும் கையில் பூங்கொத்தோடு வந்தார்கள். மேசையில் எல்லோரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பிரசாந்தினி மொழிபெயர்த்துக் களைத்துப்போனாள். பெர்னார் ஒவ்வொரு வாய் நண்டுக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார், உறைப்பு குறையவில்லை. ஆனால் கண்ணீரோடு "அருமை, அருமை" என்றார்.

சந்திரமதி எழுந்துபோய் ஃபிரிட்ஜிலிருந்து கஸ்கோன் வைன் போத்தலை எடுத்து வந்தாள்.

"அம்மா!" என்றாள் மகள், அடிக்குரலில்.

சந்திரமதி விருந்தாளிகளுக்கு ஊற்றினாள். தனக்கும் கொஞ்சம் ஊற்றி, ஒரு மிடறு குடித்துவிட்டு, "இந்த உறைப்புக்கு இதுதான் சரி," என்றாள்.

பெர்னார் குடித்தார். முகம் மலர்ந்தது. போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடகடவென்று பேசினார். பிரசாந்தினி வியப்போடு சொன்னாள்: "தாங்கள் வீட்டிலை குடிக்கிறது இதுதானாம். இது குடி பழகாத வீடெண்டு நான் சொன்னதாலை, வைன் கேக்கக்கூடாதெண்டு பேசாமல் இருந்தவராம். எப்படியம்மா தெரியும்?"

"யோகமக்காவோடை சூரிச்சுக்குப் போய்க் குடிச்சுப் பார்த்தனான். அப்படியே சொல்லு பிள்ளை."

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கொலெத் கைகொட்டிச் சிரித்தாள்.

"பாருக்கோ போனனீர்?" என்றார் சச்சிதானந்தன்.

"ஓம். ரெண்டு இடம்."

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "பிறகு சரியான ரயிலிலைதானே ஏறினனீங்கள்?"

பிரசாந்தினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதை மொழிபெயர்த்ததும் மேசையே அதிர்ந்தது. சச்சிதானந்தன் தான் குடிக்கவில்லை. ஆனால் பெர்னாரின் கிளாஸ் காலியானபோது, போத்தலை எடுத்து ஊற்றியது அவர்தான்.

கொலெத் நண்டுக்காலைப் பல்லால் உடைக்கப் பழகி, வெள்ளைச் சட்டையெல்லாம் குழம்பாக்கிக்கொண்டாள். சந்திரமதி பதறி எழ, கொலெத் அவள் கையைப் பிடித்து இருத்திவிட்டு ஏதோ சொன்னாள்.

"கோடைக்கு லியோனுக்கு வரட்டாம்," என்றாள் பிரசாந்தினி. "தான் எல்லா வைன் பாரும் காட்டுறாவாம். உங்கட சிநேகிதியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"அவவைக் கேக்கவே தேவையில்லை," என்றாள் சந்திரமதி. "இப்பவே பெட்டி அடுக்கத் தொடங்கிடுவா."