லயத்துக்குப் பின்னால் சரிந்த மண்

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், விடாமல் பெய்த மழைக்கு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்னாலிருந்த மண்மேடு சரிந்தது. மண் அள்ள வந்த இயந்திரத்தின் வாளியில் மனித எலும்புகள் வந்தன.

விசாரிக்க வந்த பொலிஸ் அதிகாரி மயூரதன் யாழ்ப்பாணத்துக்காரர். காணாமல்போனவர்கள் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். லோஜினி மட்டும் தயங்கினாள். அவள் ஹட்டன் துணிக்கடையொன்றில் வேலை செய்பவள். வீட்டில் அவளும் அப்பா நல்லமுத்துவும்தான்.

"எங்கம்மா குவைத்துக்குப் போனாங்க சார். அப்ப நான் கைப்புள்ள. அப்புறம் ஒரு போன்கூட வரல."

"போனதை ஆர் கண்டது?"

"அப்பாதான் கொழும்புல கொண்டுபோய் விட்டுட்டு வந்தாரு."

மயூரதன் அவளைத் தள்ளிக் கூட்டிப்போனார். "கால் எலும்பில இரும்புத் தகடு ஒண்டு இருக்கு. ஆஸ்பத்திரியில வச்சது. உங்கட அம்மாவுக்கு அப்பிடி ஏதும்?"

"தெரியலீங்க சார்."

"இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அப்பாவுக்கும்."

அவள் வீட்டுக்கு வந்தபோது நல்லமுத்து அடுப்படியில் குந்தியிருந்தார்.

"என்ன கேட்டாரு?"

"சும்மா, அம்மாவைப் பத்தி."

"கால்ல தகடு வச்ச பொம்பளைங்க எத்தனையோ பேரு இருக்காங்க. அத வச்சு ஒங்கம்மான்னு சொல்லிருவாங்களா?"

லோஜினி சட்டென்று நிமிர்ந்தாள். அவளது முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"குளிருது," என்றார்.

அவள் வாளியை எடுத்தாள். "தண்ணி இல்லப்பா. பீலிக்குப் போய்ட்டு வந்துர்றேன்."

சாத்திய கதவை அவரே திறந்தார். "நானும் வர்றேன்."

மூடுபனி இறங்கியிருந்தது. ஒற்றையடிப் பாதையில் அவள் முன்னால் நடந்தாள். பக்கத்தில் பள்ளம். முதுகுக்குப் பின்னால் அவருடைய மூச்சு நெருங்கி நெருங்கி வந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்தாள். வேகமாக நடக்கவும் பயந்தாள். ஒருமுறை அவருடைய கை அவள் தோளில் பட்டது.

"வழுக்கும், பாத்து," என்றார்.

வளைவு திரும்பியதும் மண் சரிந்த இடத்தில் பொலிஸ்காரர்கள் தெரிந்தார்கள். வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"சார், தகடு இருக்குன்னு அப்பாவுக்குத் தெரியுது. நான் சொல்லல."

நல்லமுத்து ஓடவில்லை. பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார். மயூரதன் அருகே போனதும், கேட்காமலே பேசினார்.

"புள்ளயத் தூக்கிக்கிட்டு தாய்வீட்டுக்குப் போறேன்னு நின்னா. கோவத்துல தள்ளிட்டேன். தலை கல்லுல அடிச்சிருச்சு. குவைத்து கதையெல்லாம் நான் கட்டுனது."

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். தன்னைப் போட்டுவிட்டுப் போனவள் என்று அம்மாவைத் திட்டியே வளர்ந்தவள் லோஜினி. வீட்டுக்குப் போகச் சொன்னார் மயூரதன். அவள் போகவில்லை. கடைசி எலும்பையும் எடுத்து மூடும்வரை தூறலில் அங்கேயே நின்றாள்.