வடிவுக்காக ஒரு ஜெபம்

செல்வராணி அன்று காலை இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். பயத்தில் அல்ல, அப்படியொரு துடிப்பு. உடன்குடியில் பஸ் ஏறித் தூத்துக்குடியில் இறங்கும்வரை, ஒன்பது மணி ஜெபத்தில் தேவபிரசாதம் சார் என்ன சொல்லப்போகிறார் என்பதே நினைப்பு.

துறைமுகச் சாலையில், ஏற்றுமதிக்காரர்களுக்குச் சரக்கு ஆவணங்கள் தயாரித்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் அது. மேனேஜர் தேவபிரசாதம் நாசரேத்துக்காரர். தினமும் வேலை தொடங்குமுன் ஆறு பேரையும் நிற்கவைத்து ஜெபம் செய்வார். யார் வீட்டில் காய்ச்சல், யார் பிள்ளைக்குப் பரீட்சை என்று பெயர் சொல்லி வேண்டுவார். நல்ல மனுஷன்தான், அதில் பொய்யில்லை. ஆனால் ஒரு சங்கதி தெரிந்துவிட்டால் அதை ஜெபத்தில் சேர்க்காமல் அவரால் இருக்க முடியாது.

போன திங்கட்கிழமை அப்படித்தான், "பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு வேறு கம்பெனிப் படியேறப் போகிற எங்கள் சகோதரி ஈவாஞ்சலினுக்கு நிலையான மனதைத் தாரும் ஆண்டவரே" என்று வேண்டிவிட்டார். ஈவாஞ்சலின் முகம் செத்துப்போயிற்று. கொச்சி இன்டர்வியூ பற்றி அவள் வாய்திறந்து சொன்னது செல்வராணி ஒருத்தியிடம் மட்டும்.

"ஏளா, உன்னைக் கூடப்பொறந்தவளால்லா நெனச்சேன்" என்றாள். அதோடு பேச்சு நின்றது. நான்கு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள். இப்போது செல்வராணி தனியாக ஜன்னலோரம். மற்றவர்களும் அவள் தலையைக் கண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். கோள் சொல்லி என்ற பெயரை அவளால் தாங்கவே முடியவில்லை.

அந்தப் பத்தரை மணிதான் அவளுக்கு உறைத்தது. ஈவா தேதியைச் சொன்னாளே தவிர நேரத்தைச் சொல்லவில்லை. நேரம் இருந்திருந்தால் அது ஈவாவின் சொந்த மெயிலுக்கு வந்த இன்டர்வியூ கடிதத்தில்தான். அதை அவள் சாப்பாட்டு வேளையில் திறந்து பார்த்தது ஆபீஸ் கம்ப்யூட்டரில். போன மாதம் சார் வரவழைத்த ஒருவன் எல்லாக் கம்ப்யூட்டரிலும் புதிதாக ஏதோ புரோகிராம் ஏற்றிவிட்டுப் போனதும் நினைவுக்கு வந்தது. எடுத்துச் சொல்லப் போனால் ஈவா காது கொடுத்தால்தானே!

நேற்று மத்தியானம் செல்வராணி ஆபீஸ் கம்ப்யூட்டரில் தன் மெயிலைத் திறந்து, தனக்கே ஒரு கடிதம் அனுப்பினாள். பிறகு ஒரு கவரை ஒட்டி ஈவாவின் மேஜையில் வைத்தாள்.

"அக்கா, நாளைக்கு ஜெபம் முடிஞ்சதும் பிரிங்க. அதுக்கப்புறமும் பேசலைன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஒன்பது மணி. ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். மழை, கப்பல்கள், சுங்க அதிகாரிகள் என்று ஜெபம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. செல்வராணி ஒற்றைக் கண்ணைத் திறந்து சாரைப் பார்த்தாள். இன்று பார்த்து விட்டுவிடுவாரோ?

"நாளை கண் ஆபரேஷனுக்குப் போகிற எங்கள் செல்வராணியின் தங்கை வடிவை உம் கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். மருத்துவரின் கைகளை ஆசீர்வதியும். ஆமென்."

ஈவா கவரைக் கிழித்தாள். உரக்கவே படித்தாள். "'எனக்குத் தங்கச்சியே கிடையாது. வடிவுன்னு ஒருத்தியை நானே உண்டாக்கி, என் சொந்த மெயில்ல எனக்கே எழுதினேன். வேற யாருகிட்டயும் சொல்லலை.'"

தேவபிரசாதம் சாருக்கு வியர்த்துவிட்டது. "ஆபீஸ் கம்ப்யூட்டர்லா அது? கம்பெனி பாக்கத்தான் செய்யும்."

"ஆபீஸ் மெயிலைப் பாருங்க சார்," என்றாள் செல்வராணி. "பாக்கோம்னு சொல்லிட்டுப் பாருங்க. எங்க சொந்தக் கடுதாசியை எதுக்குப் படிக்கியோ? ஒரு கண்டெய்னர்ல போட்ட முத்திரையை உடைக்கணும்னாலே அனுமதி வாங்கி, சாட்சி வச்சு, எழுதிக் கையெழுத்துப் போடுதோம். நாங்க அந்தத் தகரப் பெட்டியை விடவா மட்டம்?"

செல்வராணிக்கே தன் குரல் புதிதாக இருந்தது. இவ்வளவு சத்தம் தன்னிடம் இருந்ததா என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

"பிள்ளை கேக்கதுல என்ன தப்பு?" என்றார் கணக்குப் பார்க்கும் தாணுலிங்கம் அண்ணாச்சி.

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்க நல்லதுக்குன்னு நெனச்சுத்தான்..." என்று தொடங்கி, "தப்புதான்" என்று முடித்தார். கம்ப்யூட்டர்களில் ஏற்றியதை எடுக்க அன்றைக்கே ஆள் வந்தான்.

மறுநாள் ஜெபம் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. "ஒவ்வொருவர் தேவையும் உமக்குத் தெரியும் ஆண்டவரே. எனக்குத் தெரிய வேண்டாம். ஆமென்."

மத்தியானம் செல்வராணி ஜன்னலோரம் டப்பாவைத் திறந்தாள். எதிரே இன்னொரு டப்பா வந்து உட்கார்ந்தது. ஈவா ஒரு மீன் துண்டை எடுத்து அவள் சோற்றில் வைத்தாள்.

"ஏளா, வடிவுக்கு ஆபரேஷன் முடிஞ்சிட்டா?"

செல்வராணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "முடிஞ்சிட்டுக்கா. கண்ணைத் தொறந்ததும் உங்களைத்தான் தேடுதா."